பாட்டுக்கு முன்னால் ஒரு பெயர்



போன வாரம் ஃபேட்ஸ் டாமினோவைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டிருந்தேன். அதன் கீழே என்னிடம் படித்த ஒருவர் (அவரே இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்) இப்படிக் கேட்டிருந்தார்: “சார், வகுப்புல வேர்ட்ஸ்வொர்த் நடத்துன நீங்க, எழுபது வயசுக்கு மேல ராக் அண்ட் ரோலா? அதுவும் செத்துப்போன வெள்ளைக்காரங்க பாட்டா?”

தம்பி, ஃபேட்ஸ் டாமினோ வெள்ளைக்காரர் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினத்தவர். 1949 டிசம்பரில் ‘தி ஃபேட் மேன்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ராக் அண்ட் ரோல் எங்கே தொடங்கியது என்று தேடிப் போகிறவர்கள் வந்து நிற்கும் இடங்களில் அந்தத் தட்டும் ஒன்று. 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது அவர் இறந்துவிட்டார் என்று செய்தி பரவி, அவர் வீட்டுச் சுவரில் யாரோ அஞ்சலி வாசகமே எழுதிவிட்டார்கள். மனிதர் படகில் மீட்கப்பட்டு, அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு 2017 அக்டோபரில்தான் போனார்.

கேலிக்குச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த ‘வெள்ளைக்காரங்க பாட்டு’ என்ற சொல் இரண்டு நாள் மனதில் உட்கார்ந்துகொண்டது. நன்றாகப் படித்த, விவரம் தெரிந்த ஒருவருக்கே அப்படித்தான் தெரிகிறது என்றால், அந்த இசையை உண்டாக்கியவர்களின் பெயர் எப்படிக் காணாமல் போனது? அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். நீளமாகத்தான் வரும். பாட வேளை முடிந்து மணி அடித்தாலும் விடாமல் நடத்துகிறவன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இப்போது அதிகமாகக் கேட்பது அஞ்சலி நிகழ்ச்சிகளை. பிப்ரவரி 3 வந்தால் பட்டி ஹோலி நினைவு. 1959இல் அந்த நாளில் அயோவா மாநிலத்தில் விமானம் விழுந்து அவரும், பதினேழே வயதான ரிச்சி வேலன்ஸும், ‘பிக் பாப்பர்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ரேடியோ அறிவிப்பாளர் ரிச்சர்ட்சனும் இறந்தார்கள். அக்டோபர் 18 வந்தால் சக் பெரி பிறந்தநாள். ஜனவரி 8 எல்விஸ் பிறந்தநாள். இந்த நாட்களை ஒட்டி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏதாவது ஒரு வானொலியில் ஒரு மணி, இரண்டு மணி நேர நிகழ்ச்சி இருக்கும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து நிக் ஸ்பிட்சர் என்பவர் 1998 முதல் ‘அமெரிக்கன் ரூட்ஸ்’ என்று வாரம் இரண்டு மணி நேரம் நடத்திவருகிறார். பாட்டுக்காரர்களோடு நிதானமாகப் பேசுவார், அவசரப்படுத்த மாட்டார். பாப் டிலன் 2006 முதல் 2009 வரை ‘தீம் டைம் ரேடியோ ஹவர்’ நடத்தினார். வாரத்துக்கு ஒரு தலைப்பு. முதல் வாரம் ‘வானிலை’. அந்தத் தலைப்பில் பழைய தட்டுகளைத் தேடியெடுத்துப் போட்டு, பாடியவர் யார், எங்கே பிறந்தார், என்ன ஆனார் என்று அந்தக் கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். நோபல் பரிசு வாங்கிய கவிஞர் வேறு எதிலும் இவ்வளவு பாசமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வகை நிகழ்ச்சி புதிதும் அல்ல. 1969லேயே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கே.எச்.ஜே. நிலையம் ‘ராக் அண்ட் ரோல் வரலாறு’ என்று 48 மணி நேரத் தொடர் ஒன்றை ஒலிபரப்பியது. யோசித்துப் பாருங்கள். அந்த இசைக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்று சொல்லலாம். அதற்குள் வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு 1978இல் அதையே விரிவாக்கி 52 மணி நேரமாகச் செய்தார்கள்.

பாட்டு மட்டும் வேண்டுமென்றால் கைபேசியில் ஒரு தொடுதலில் கிடைக்கிறது. நான் வானொலிக்குப் போவது இரண்டு பாட்டுக்கு நடுவில் பேசுகிற மனிதருக்காக. கைபேசிச் செயலி அடுத்த பாட்டைத் தள்ளிவிடும். டிரம்ஸ் வாசித்தது யார் என்று சொல்லாது. ஒரு நல்ல அறிவிப்பாளர் சொல்வார்.

இந்த இசைக்கு வானொலி அஞ்சலி செலுத்துவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது, ஏனென்றால் அதைப் பெற்று வளர்த்ததே வானொலிதான். கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

1940களின் கடைசியில் மெம்பிஸ் நகரத்தில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்று ஒரு நிலையம் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிகள் வெள்ளையர்கள். வேறு வழி இல்லாமல் 1948 அக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை மைக்கின் முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் யார் தெரியுமா? அதே ஊரில் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் சரித்திர வாத்தியார். வானொலிக்கு வந்த பிறகும் வாத்தியார் வேலையை விடவில்லை. பகலில் பள்ளிக்கூடம், பள்ளி விட்டதும் வானொலி. அவருடைய மாணவர் ரூஃபஸ் தாமஸும் பின்னாளில் அதே நிலையத்தில் அறிவிப்பாளர் ஆனார், பாடகராகவும் பெயர் வாங்கினார். பி.பி. கிங் அங்கேதான் ஒரு மருந்து விளம்பர நிகழ்ச்சியில் பாடித் தொடங்கினார். பெயரில் இருக்கும் அந்த இரண்டு ‘பி’யும் வானொலிக்காக வைத்துக்கொண்ட பட்டத்தின் சுருக்கம். ஒரு வருடத்துக்குள் நிலையம் முழுவதும் கறுப்பின மக்களுக்கான நிகழ்ச்சிகளாக மாறியது. 1954இல் அதன் சக்தி 50,000 வாட்டுக்கு உயர்ந்தது. நம் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் இதற்கெல்லாம் வாசல் திறந்தார் என்பதில் எனக்கு ஒரு தனிக் கர்வம்.

இன்னொன்று நாஷ்வில் நகரத்தின் டபிள்யூ.எல்.ஏ.சி. அதுவும் 50,000 வாட். பகலில் மத்திய அலை அதிக தூரம் போகாது. வளிமண்டலத்தில் மேலே இருக்கும் ஒரு அடுக்கு பகல் வெயிலில் அந்த அலையை உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு கலைந்துபோக, அலை இன்னும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். அதனால் அந்த நிலையத்தின் இரவு நிகழ்ச்சிகள் பல மாநிலங்களுக்கும், கடல் தாண்டி கரீபியன் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

இதில் அறிவியல் பாடத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம் தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிதண்ணீர்க் குழாய் தனி. அரங்கில் ஒரே பாட்டுக்காரரைக் கேட்க வந்தாலும் நடுவில் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். வானொலி அலைக்குக் கயிறு கட்ட முடியவில்லை. வெள்ளைக்கார வீட்டுப் பையன் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு கறுப்பினத்தவரின் பாட்டைக் கேட்டான். பக்கத்தில் உட்கார அனுமதி இல்லாதவரின் குரல் அவன் காதுக்குள் பாடியது.

1954 ஜூலையில் மெம்பிஸின் இன்னொரு நிலையத்தில் டூயி பிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற புதுத் தட்டை ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். பாடியவன் பத்தொன்பது வயதுப் பையன், எல்விஸ் பிரெஸ்லி. பையனையே நிலையத்துக்கு வரவழைத்துப் பேட்டி எடுத்தபோது பிலிப்ஸ் கேட்ட கேள்வி: எந்தப் பள்ளியில் படித்தாய்? ‘ஹ்யூம்ஸ்’ என்று பதில் வந்ததும் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. அது வெள்ளையர் பள்ளி. குரலைக் கேட்டுக் குழம்பியவர்களுக்குப் பையன் எந்த நிறம் என்று சொல்லப் பள்ளிப் பெயர் ஒன்று போதுமாக இருந்தது. நம் ஊரில் ‘உங்க வீடு எந்தத் தெருவுல?’ என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான்.

அந்தப் பாட்டை 1946இலேயே எழுதிப் பாடிப் பதிவு செய்தவர் ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினத்தவர். எல்விஸ் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். அதை மறுக்கக் கூடாது. ஆனால் பாட்டு சம்பாதித்த காசு கிரடப் கைக்கு முறையாக வந்து சேரவில்லை. 1974இல் அவர் இறக்கும்வரை அந்த வழக்கும் பேச்சுவார்த்தையும் முடியவில்லை.

இப்படி ஒரு வரிசையே இருக்கிறது. ‘ஹவுண்ட் டாக்’ என்றால் எல்விஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் 1956இல் பாடுவதற்கு முன்பே 1953இல் பிக் மாமா தார்ன்டன் என்ற பெண்மணி பாடி, கறுப்பினத்தவர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. லிட்டில் ரிச்சர்ட் 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் தொண்டை கிழியப் பாடிய ‘டூட்டி ஃப்ரூட்டி’யை, பேட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் சலவை செய்து இஸ்திரி போட்டது போலப் பாடினார். பட்டியலில் பூனின் தட்டுதான் மேலே போனது. அந்தப் பாட்டை எழுதிய நாட்களில் ரிச்சர்ட் மேக்கன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்.

‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரை ஊரறியச் செய்தவர் ஆலன் ஃப்ரீட். 1951இல் கிளீவ்லாந்தில் இரவு நிகழ்ச்சி தொடங்கியவர். 1952 மார்ச் 21ஆம் தேதி அவர் நடத்திய நடன விழாவுக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம் வந்து, முதல் பாட்டுகளோடு போலீஸ் நிறுத்தவேண்டியதாயிற்று. பலரும் அதை முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரி என்கிறார்கள். வெள்ளையர் பாடிய நகல்களை ஒதுக்கிவிட்டு, கறுப்பினத்தவர் பாடிய மூலத் தட்டுகளைத்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அதே ஃப்ரீட்தான், சக் பெரி எழுதிய ‘மேபெலின்’ தட்டில் தன் பெயரையும் எழுதியவர்களில் ஒருவராகப் போட்டுக்கொண்டார். வானொலியில் அடிக்கடி போடுவதற்கு அது கூலி. பெரிக்குத் தெரியாமலே நடந்தது. தன் பாட்டு தன் பெயரில் மட்டும் இருப்பதற்கு அவர் 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃப்ரீட், காசு வாங்கிப் பாட்டுப் போட்ட விவகாரத்தில் 1959இல் வேலை இழந்து, 1965இல் 43 வயதில் இறந்துபோனார்.

நல்ல நிகழ்ச்சி எது, சுமாரான நிகழ்ச்சி எது என்று நான் பிரிப்பது இங்கேதான். சுமாரான நிகழ்ச்சி பத்துப் பாட்டைப் போட்டு, ‘அந்த நாள் ஞாபகம்’ என்று உருகி, நடுவில் விளம்பரம் போட்டு முடித்துவிடும். நல்ல நிகழ்ச்சி ஃப்ரீட் வாசல் திறந்ததையும் சொல்லும், கல்லாவில் கை வைத்ததையும் சொல்லும். சக் பெரி சிறைக்குப் போனதையும், ஜெர்ரி லீ லூயிஸ் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் திருமணம் செய்ததையும் மறைக்காது. அதற்காகப் பாட்டையும் நிறுத்தாது. முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான். ஒருவரைப் பெருமைப்படுத்துவதற்காக அவரைச் சாமியாக்கினால் பிள்ளைகள் நம்புவதில்லை.

நம் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். எங்கள் கடற்கரைக்குச் சென்னை வானொலியை விட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். மத்திய அமைச்சர் கேஸ்கர் 1952 வாக்கில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தார். செவ்வியல் இசை போதும் என்பது அவர் எண்ணம். மக்கள் சண்டை போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. குமிழைத் திருகி கொழும்புக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இலங்கையின் கையில் இருந்தது. 1950இல் அங்கே வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. 1957 அக்டோபரில் டெல்லி ‘விவித பாரதி’யைத் தொடங்கவேண்டி வந்ததற்கு அதுதான் காரணம். பெரியவர்கள் ‘கேட்காதே’ என்ற பாட்டை அலை கொண்டுவந்து போடுவது மெம்பிஸில் மட்டும் நடந்ததில்லை.

எங்கள் தெருவில் கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய ஒரு பெரியவர் இருந்தார். வால்வு ரேடியோ வைத்திருந்தார். வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டுவார். ஊர் முழுக்க மயில்வாகனம் குரலில் தமிழ்ப் பாட்டுக் கேட்க, இவர் மட்டும் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையை வைப்பார். கொழும்புப் பழக்கம். வெர்னன் கொரயா போன்ற அறிவிப்பாளர்கள் பேசுவார்கள். எல்விஸ், கிளிஃப் ரிச்சர்ட் எல்லாம் அந்தத் திண்ணையில்தான் எனக்கு அறிமுகம். ஒரு சொல் புரியாது. ஆனால் ஆங்கிலம் என்பது பலகையில் எழுதிப்போடும் இலக்கணம் மட்டும் இல்லை, மூச்சு விட்டுப் பேசுகிற மொழி என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பிற்பாடு ஆங்கில ஆசிரியரானதற்கு அந்தத் திண்ணைக்கும் பங்கு உண்டு.

சரி, பெயர் விஷயத்துக்குத் திரும்புவோம். எனக்கு இரண்டு கதை மனதை விட்டுப் போவதில்லை.

முதலாவது ஜானி ஜான்சன். செயின்ட் லூயிஸ் பக்கத்தில் மூன்று பேர் கொண்ட குழு வைத்திருந்த பியானோக்காரர். 1952 டிசம்பர் 31 கச்சேரிக்கு அவர் குழுவின் சாக்ஸபோன்காரருக்குப் பக்கவாதம் வந்துவிட, அவசரத்துக்கு ஒரு கிடார்க்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் சக் பெரி. மெல்ல மெல்லக் குழுவே பெரியின் குழு ஆனது. பெரியின் புகழ்பெற்ற தட்டுகள் பலவற்றில் பின்னால் உருண்டு ஓடும் பியானோ ஜான்சனுடையது. ‘ஜானி பி. குட்’ பாட்டுக்கே அவர்தான் தூண்டுதல் என்று பெரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது. நம் நாட்டு கேசர்பாய் கேர்கரின் குரலும் அதே தட்டில் இருக்கிறது. பாட்டு சூரிய மண்டலத்தின் எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஜான்சன் செயின்ட் லூயிஸில் முதியவர்களுக்கான பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். 1986இல் பெரியின் அறுபதாம் ஆண்டு நிகழ்ச்சியைப் படமாக்கியபோதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார். 2000இல், அந்தப் பாட்டுகளை நானும் சேர்ந்துதான் உருவாக்கினேன் என்று வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி ஆனது. 2001இல் ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கில் பக்கவாத்தியக்காரர் என்ற பிரிவில் இடம் கொடுத்தார்கள். 2005இல் போய்விட்டார்.

இரண்டாவது சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1915இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா தேவாலய ஊழியம் செய்தவர். ஆறு வயதில் கிடாரோடு மேடை ஏறிய பிள்ளை. தேவாலயப் பாட்டையே மின்சார கிடாரில் ஆட்டம் போடவைக்கும்படி வாசித்தார். 1944இல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டு அடுத்த ஆண்டு கறுப்பினத்தவர் இசைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. எல்விஸுக்கு அப்போது பத்து வயது. 1947இல் மேக்கன் ஊரில் கச்சேரிக்கு வந்தபோது, அரங்கில் குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் பாடுவதைக் கேட்டு, தன் மேடையில் ஏற்றிப் பாடவைத்துக் காசும் கொடுத்தார். அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட். ஜானி கேஷ் 1992இல் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டபோது, தன்னை வளர்த்தவர்களில் இந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு இடம் கிடைத்தது 2018இல். 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்து புதைக்கப்பட்ட பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. ஒரு பேராசிரியை அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதற்குப் பிறகு 2008இல் கச்சேரி நடத்திப் பணம் திரட்டி, கல் நட்டார்கள்.

இந்தக் கதையை ஒரு நிகழ்ச்சியில் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் படித்த ஒருவன் நினைவு வந்துவிட்டது.

எண்பதுகளில் எட்டாம் வகுப்பு. மேசையில் விரலால் தாளம் போடுவான். பாடம் நடக்கும்போது மழை பெய்கிறதோ என்று ஜன்னலைப் பார்ப்பேன், அவன் விரல். அவன் அப்பா சாவு வீடுகளுக்குப் பறை அடிக்கப் போகிறவர். ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பயிற்சி நடந்தபோது அத்தனை பிள்ளைகளுக்கும் தாளம் சொல்லிக்கொடுத்தது அவன்தான். விழா அன்று மேடையில் தபலா முன்னால் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். நான் வேலையில் சேர்ந்து நாலு வருடம்கூட ஆகாதவன். மேலே இருந்தவரிடம் போய்க் கேட்டேன். “விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க சார், அவன் எதுக்கு?” என்றார். எதற்கு என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டாம் முறையும் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயரும் ஆளின் பெயரும் இங்கே வேண்டாம்.

அவன் பிற்பாடு மெல்லிசைக் குழுக்களில் சேர்ந்தான். டோலக், தும்பா, பேங்கோஸ், அப்புறம் ரிதம் பேட். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சி மாநாடு என்று தமிழ்நாடு முழுக்கச் சுற்றினான். முப்பது வருடம். ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்துப் பேசியபோது சொன்னான்: “சார், எத்தன ஆயிரம் மேடை ஏறியிருப்பேன். அறிவிப்பாளர் படம் பேரு சொல்வாரு, மியூசிக் டைரக்டர் பேரு சொல்வாரு, பாடுறவங்க பேரு சொல்வாரு. எங்க பேரு கடைசி வரைக்கும் வராது. ‘வாத்தியக் குழுவினருக்கு ஒரு கைத்தட்டல்’, அவ்வளவுதான்.” கோபமாகச் சொல்லவில்லை. ‘பஸ் லேட்டு’ என்பது போலச் சொன்னான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய மாணவர் சந்திப்புக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மெல்லிசை ஏற்பாடு இருந்தது. பார்த்தால் அவன் குழு. எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் போய் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து, மைக்கில் வாழ்த்துரைக்குப் பதிலாக ஏழு பெயரைப் படித்தேன். பெயர், ஊர், என்ன வாத்தியம், எத்தனை வருடமாக வாசிக்கிறார். வருகைப் பதிவேடு படித்துப் பழகிய வாய்தானே, தடுமாறவில்லை. கீபோர்டுக்காரர் பெயர் வந்ததும் அவரை அறியாமல் “உள்ளேன் ஐயா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து பேடின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இந்தப் பதிவை எழுதத் தொடங்கியபோது அவனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “உன் பேரப் போட்டு எழுதுறேன்டா, சரியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “வேண்டாம் சார். பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்ல ஃபேஸ்புக் எல்லாம் பாப்பாங்க. அப்பா என்ன பண்ணாரு, தாத்தா என்ன பண்ணாருன்னு தோண்டுவாங்க. முடிஞ்சதும் போடுங்க சார்” என்றான்.

அதனால்தான் இத்தனை பெயர் எழுதிய பதிவில் அவன் பெயர் இல்லை. மெம்பிஸ் பையனிடம் ‘எந்தப் பள்ளி’ என்று கேட்டது 1954இல். இங்கே அந்தக் கேள்வி இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வானொலியில் பெயர் சொல்வதால் கிரடப்புக்கு வராத காசு வந்துவிடாது. ஜான்சனின் வழக்கு திரும்ப எடுக்கப்படாது. ஆனால் தார்ப் கல்லறையில் கல் வந்ததற்கு முன்னால், யாரோ ஒருவர் பழைய தட்டைத் தூசி தட்டிப் போட்டிருக்கிறார், யாரோ ஒருவர் ‘இவர் யார்’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி எழ ஒரு குரல் வேண்டியிருந்தது. பிக் மாமா தார்ன்டனும் 2024இல் புகழ் அரங்குக்குள் வந்துவிட்டார், இறந்து நாற்பது வருடம் கழித்து. தாமதம்தான். வராமலே போயிருக்கலாம் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வாத்தியார் சொல்கிற வரிசை. முதலில் ரோசெட்டா தார்ப். 1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், ஈரமான மேடையில், கோட்டு போட்டுக்கொண்டு கிடார் வாசிக்கும் காட்சி இணையத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு ஃபேட்ஸ் டாமினோ. பிறகு லிட்டில் ரிச்சர்ட். அவர் தட்டில் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாசித்தவர் ஏர்ல் பால்மர். பிறகு சக் பெரி. அவர் கிடாரைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பின்னால் ஓடும் பியானோவைக் கேளுங்கள். கடைசியில் எல்விஸ். இந்த வரிசையில் வந்தால் அவர் மேல் மரியாதை குறையாது. யார் தோளில் நின்று பாடினார் என்று தெரியும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: இது யாருடைய பாட்டு என்று இப்போது நீயே சொல்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் மெல்லிசைக் குழுவிலோ, நையாண்டி மேளத்திலோ, நாதஸ்வரக் குழுவிலோ, தேவாலயப் பாடகர் குழுவிலோ பின்வரிசையில் வாசிக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவர் பெயரையும் வாத்தியத்தையும் கீழே எழுதுங்கள். அனுமதி இல்லையென்றால் வாத்தியத்தை மட்டும் எழுதுங்கள், அதுவும் போதும். ஒன்று விடாமல் நான் படிப்பேன்.